கப்பலில் இருக்கும் மகன்

என் தோழியின் மகன் கப்பலில் வேலை செய்யவில்லை, சிறையில் இருக்கிறான் என்பது எங்கள் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இப்படி ஒரு நிலையில்தான் நாங்கள் படித்த ஊரான சுங்காயில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒன்றுகூடல் என்று முடிவானது. அறிவிப்பைப் பார்த்ததும் மற்றவர்கள் என்ன புடவை கட்டலாம் என்று யோசித்திருப்பார்கள். நான் அவளை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று யோசித்தேன்.

நாங்கள் எல்லாரும் அறுபதை ஒட்டியவர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டுச் சுங்காயில் இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, மலாய்மொழி பிடிபட வேண்டும் என்று எங்களை ஒரு வருடம் புதுமுக வகுப்பில் உட்கார வைத்தார்கள். சீனப்பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கும் அதே கதிதான். மற்ற பிள்ளைகள் நேராகப் படிவம் ஒன்றுக்கு, அதாவது ஏழாம் வகுப்புக்குப் போக, நாங்கள் மட்டும் ஒரு வருடம் பின்னால் நின்றோம். அந்தக் கடுப்புதான் எங்களை இன்றுவரை ஒன்றாக ஒட்டி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

குழுவை நடத்துகிறவள் கோலாலம்பூரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை போனாலும் வருகை எடுக்கும் பழக்கம் போகவில்லை. காலை வணக்கம் போடாதவர்களைச் சாயங்காலம் கூப்பிட்டு விசாரிப்பாள். நாங்கள் அவளைத் தலைவி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனசுக்காரி. ஆனால் மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைத்துவிடுவாள். சுங்காய் பட்டணத்தில் கல்லு வீட்டில் வளர்ந்தவள்.

கல்லு வீடு என்று நான் சொல்வதில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது, மறைக்கவில்லை. என் தோழியும் நானும் லயத்தில் பிறந்தவர்கள். சுங்காய்க்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம். அடுத்தடுத்த வீடு. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது, பாதியிலேயே நின்றுவிடும். அவர்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் இருமுவோம். எங்கள் வீட்டு ராத்திரி ஜெபம் அவர்களுக்கு மனப்பாடம், நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவள் அப்பா தண்ணி போட்டுவிட்டு வந்து சட்டி பானையை உடைத்தால் அது எங்கள் வீட்டில் உடைந்த மாதிரியே கேட்கும். என் அம்மா வாய்விட்டு அழுதால் அவர்களுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். ஆனால் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக் களத்தில் நிற்கும்போது யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். சுவருக்கு மேலே வந்த பேச்சு காதோடு நின்றுவிட வேண்டும். சம்பந்தப்பட்டவர் தானாக வாய் திறந்தால்தான் அடுத்தவர் வாய் திறக்கலாம். இப்படி ஒரு ஏற்பாடு இல்லையென்றால் அந்த லயத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்திருக்கவே முடியாது.

தோட்டத்தை விற்று, ரப்பரை வெட்டிச் செம்பனை எண்ணெய் மரம் போட்டபோது நாங்கள் சிதறினோம். நான் ஈப்போவில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அவளும் கல்யாணமாகி ஈப்போவுக்கே வந்தாள், வேறு தாமான், வேறு குடியிருப்பு. கணவர் சீக்கிரமே போய்விட்டார். வீட்டு முன்னறையில் தையல் இயந்திரத்தைப் போட்டு, ரவிக்கை தைத்தே ஒரே மகனை ஆளாக்கினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் காம்பாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பையன்களுக்குள் கைகலப்பு. இவனும் கூட இருந்தான், கூட இருந்ததோடு நிற்கவில்லை. ஒரு பையனுக்குத் தலையில் பலத்த அடி. அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான், இவன் உள்ளே போனான். அந்தக் கடைக்குப் பக்கத்துக் கடையில் என் கொழுந்தன் வேலை செய்கிறான், அதனால் விஷயம் எனக்கு உடனே வந்துவிட்டது. தோட்டத்து ஆள்கள் மற்றவர்களுக்கும் எப்படியோ வந்துவிட்டது. எங்களிடையே செய்தி நிற்காது, அதைப் பற்றிய பேச்சுதான் நிற்கும்.

அதற்குப் பிறகு அவளைப் பார்த்தபோது, மகன் கப்பலில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். லூமுட் துறைமுகத்தில் ஏறினானாம். அப்படியா, நல்லது என்றேன். அவள் கண்ணைப் பார்க்காமல், தைத்து முடித்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கப்பல் நல்ல பொய். கூப்பிட்டால் ஏன் எடுக்கவில்லை, தீபாவளிக்கு ஏன் வரவில்லை, எல்லாவற்றுக்கும் கடல் பதில் சொல்லும். ஆனால் எந்தப் பொய்க்கும் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு பண்டிகைக்குக் கொரியாவில் இருந்தான், இன்னொரு பண்டிகைக்கு அரபு நாட்டுப் பக்கம். யாராவது விவரம் புரியாமல் ஏதாவது கேட்டால், தோட்டத்து ஆள்கள் நாங்களே நடுவில் புகுந்து நடுக்கடலில் லைன் கிடைக்காது என்று பதில் எடுத்துக் கொடுப்போம். ஒருநாள் அவள் குழுவில் ஒரு கப்பல் படத்தைப் போட்டு, இதுதான் மகனுடைய கப்பல் என்றாள். நாங்கள் வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டோம். அப்போதுதான், அதுவரை குழுவில் காலை வணக்கம் தவிர எதுவும் போடாத ஒருவன் முதல்முறையாக எழுதினான்: நல்ல கப்பல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் லூமுட்டில் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் அங்கேதான் வீடு. கப்பலைப் பற்றி எங்கள் வகுப்பில் யாருக்காவது ஏதாவது தெரியும் என்றால் அது அவனுக்குத்தான். அவனும் பட்டணத்துப் பையன், அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். கல்லு வீடு. சுவர் கூரை வரைக்கும் முட்டிக்கொண்டு நிற்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு எங்கள் பழக்கம் எங்கே தெரியப் போகிறது? என்றைக்காவது ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவான், எந்தக் கம்பெனி, எந்தக் கப்பல், கேப்டன் யார் என்று.

அவன் ஒன்றுகூடலுக்கு வருவதாகத் தலைவி அறிவித்தபோது, என் தோழியை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவளை வா வா என்று நச்சரித்தவளே நான்தான். முந்தைய இரண்டு சந்திப்புக்கும் அவள் வரவில்லை. கல்யாணம் காட்சிக்குப் போவதை விட்டுவிட்டாள். கழுத்தெலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். நாலு பேரைப் பார்த்தால் தேறுவாள் என்று நினைத்தேன். இப்போது அந்த நாலு பேருக்கு நடுவில் அவள் தலைகுனிய நேர்ந்தால், அப்புறம் தன் வீட்டு வாசலைக்கூடத் தாண்ட மாட்டாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் அவளை ஏற்றிக்கொண்டு பழைய சாலையிலேயே போனேன். ரவிக்கைக் கை இப்போது எவ்வளவு நீளம் வைக்கிறார்கள், முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசிக்கொண்டே வந்தாள். காம்பார் வந்ததும் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். ஊர் தாண்டும் வரைக்கும் தேடினாள். நான் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

மத்தியானச் சாப்பாடு சுங்காயில் ஒரு கடையின் மாடியில், மறுநாள் சாப்பாடு எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில் என்று ஏற்பாடு. தலைவி வாசலிலேயே நின்று எல்லார் சட்டையிலும் பெயர் ஒட்டினாள். தோட்டத்துச் சீனக் கடைக்காரர் மகனும் வந்திருந்தான். எங்கள் லயத்துக்கு எதிரிலேயே கடை, அந்தக் கடையிலேயே குடித்தனம், பேசும் தமிழ் எங்களுடையதைவிடச் சுத்தம். பீடோரில் பிஸ்கட் வாங்கிவந்து ஆளுக்கு ஒரு பொட்டலம் திணித்தான். கடற்படைக்காரன் வெள்ளைச் சட்டை போட்டு, முடி ஒட்ட வெட்டி, அதிகம் பேசாமல் ஒரு மூலையில் நின்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை.

அவன் என் தோழி இருந்த மேசைப் பக்கம் நகரும்போதெல்லாம் நான் குறுக்கே போய் நின்றேன். ஒருமுறை ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இன்னொரு முறை என்ன மாத்திரை சாப்பிடுகிறான், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று விசாரித்தேன். ஓய்வு பெற்ற தாதிக்கு இந்தச் சுதந்திரம் உண்டு. மூன்றாவது முறை கேட்க எதுவும் இல்லாததால் கையில் இருந்த சிவப்புச் சிராப் தண்ணீரை அவன் வெள்ளைச் சட்டையில் கவிழ்த்தேன். கை தவறிவிட்டது என்று சொன்னேன். அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று கழுவப் போனான். நல்லவேளை என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த சூடு ஆறவில்லை, தலைவி ஒலிவாங்கியைப் பிடித்தாள். அடுத்த சந்திப்பு லூமுட்டில் என்றாள். பங்கோர் தீவுக்குப் படகில் போகலாம், நம் கடற்படைக்காரர் ஏற்பாடு செய்வார், நம் தோழியின் மகனும் கரைக்கு வந்திருந்தால் நம்மை எல்லாம் கப்பலில் ஏற்றிக் காட்டுவான் என்றாள். பட்டணத்து ஆள்கள் கைதட்டினார்கள். தோட்டத்து ஆள்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தட்டில் இருந்த எலும்பின் மேல் அக்கறை வந்துவிட்டது. என் தோழியும் கைதட்டினாள். சிரித்தாள்கூட. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் தங்கும் விடுதியில் அவள் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத் தோட்டத்துக்கு வரவில்லை, காலையில் பேருந்தில் ஈப்போவுக்குப் போகிறேன், தையல் வேலை குவிந்து கிடக்கிறது என்றாள். எல்லாருக்கும் தெரியும், நீ ஓட வேண்டியதில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. நாக்கு புரளவில்லை. நாற்பது ஐம்பது வருடப் பழக்கம், அவ்வளவு சுலபமாக விடாது. கோயிலில் சாப்பாடு போடுகிறார்கள், உன் அம்மா தீ மிதித்த கோயில், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ, நானே உன்னை வீட்டு வாசலில் இறக்கி விடுகிறேன் என்றேன். அம்மா என்றதும் அவள் பையை மூடாமல் விட்டாள். வருகிறேன் என்றாள்.

தோட்டம் இப்போது செம்பனைக் காடு. லயங்களை இடித்துவிட்டார்கள், கோயில் மட்டும் இருக்கிறது, யாரோ புண்ணியவான்கள் ஓடு மாற்றி வர்ணம் அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் சாப்பாடு. ஒரே பந்தி, நீள மேசை, வாழை இலை. என் தோழியை நான் ஓர் ஓரத்தில் உட்கார வைத்து, பக்கத்தில் நானே அணைகட்டின மாதிரி உட்கார்ந்துகொண்டேன். எதிரே சீனக் கடைக்காரர் மகன், அது பாதுகாப்பான இடம். ஆனால் கடற்படைக்காரன் நேராக வந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இன்றைக்கு நீலச் சட்டை. சிராப்புக்குப் பயந்து போட்டிருப்பான்.

சாம்பார் முடிந்து ரசம் வரும் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தலைவி பந்தி விசாரித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தாள். வந்தவள் கடற்படைக்காரன் தோளில் கை வைத்தாள்.

"நீதான் லூமுட்டுல எல்லாக் கப்பலையும் பாத்தவனாச்சே. இவ மகன் கப்பல் இப்ப எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லேன்லா. பாவம், அவளுக்கே ஒழுங்காத் தெரிய மாட்டுது."

என் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. தோட்டத்து ஆள்கள் எல்லாரும் இலையைப் பார்த்துக் குனிந்தார்கள். கவிழ்க்க என்னிடம் ரசம் மட்டும்தான் இருந்தது, அதுவும் கொதித்துக்கொண்டிருந்தது.

அவன் அவசரப்படவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

"நான் ஏற்கெனவே விசாரிச்சிட்டேன்," என்றான். "கப்பல் வெளியூர்ல இருக்கு. வர நாளாவும். பையன் நல்லா இருக்கானாம்."

தலைவிக்குத் திருப்தி. அப்படிச் சொல்லு என்று அடுத்த இலைக்கு நகரப் போனாள். எனக்கோ உயிர் திரும்பி வந்தது. இவன் மேல் போய்ச் சிராப்பை ஊற்றினோமே என்று வெட்கமாகவும் இருந்தது. எல்லாம் முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போதுதான் என் தோழி பேசினாள். குரல் களைத்துப் போயிருந்தது.

"எனக்காக நீ பொய் சொல்ல வேணாம்பா. நான் சொன்ன பொய்யே போதும். அவன் கப்பல்ல இல்ல. ஜெயில்ல இருக்கான்."

தலைவி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் வாழ்க்கையில் பேச்சு வராமல் நின்றதை நான் பார்த்தது அன்றுதான். யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. சொன்னது சீனக் கடைக்காரர் மகன். இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, சாதாரணமாக, மழை எப்போது விடும் என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

"எப்ப வெளிய வாரான்?"

"அடுத்த மாசம்," என்றாள்.

"அப்ப பரவால்ல. சீக்கிரம்தான்," என்றான் அவன். அப்புறம் ரசம் கேட்டான்.

அவள் அவனைப் பார்த்தாள். கடற்படைக்காரனைப் பார்த்தாள். பிறகு மேசை முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தலைவியையும் பட்டணத்து ஆள்கள் சிலரையும் தவிர யார் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினாள். உனக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்றாள். முதலிலிருந்தே என்றேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், கட்டிப்பிடித்துக்கொள்ளத் தயாராகக்கூட இருந்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"ரெண்டு வருசமா தெரிஞ்சுகிட்டா இருந்தே? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லடி. ஒவ்வொரு தடவையும் ரவிக்கய வாங்கிட்டுப் போயிடுவியே."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எங்கள் பழக்கம் அது, நீ சொல்லாமல் நாங்கள் எப்படிக் கேட்பது என்று முணுமுணுத்தேன். அவள் விடவில்லை. பழக்கத்தை நீ எனக்குச் சொல்லித் தராதே என்றாள். என் அப்பா குடித்துவிட்டு அடித்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் உன் அம்மா வாயைத் திறக்க மாட்டார், சரி. ஆனால் ஒரு கிண்ணம் குழம்பைச் சுவருக்கு மேலே நீட்டுவாரா இல்லையா? என் அம்மா அதை வாங்கிக்கொள்வாரா இல்லையா? அந்தக் கிண்ணம் எங்கேடி என்று கேட்டாள்.

அவள் சொன்னது சத்தியம். கேட்காமல் இருப்பது பழக்கத்தில் ஒரு பாதிதான். கேட்டது காதில் விழுந்தது, நான் இருக்கிறேன் என்று சுவருக்கு மேலே கை நீட்டுவது இன்னொரு பாதி. நாங்கள் தாமான் வீடுகளுக்குப் போன பிறகு, செலவில்லாத பாதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, குழுவே சேர்ந்து அவளை அந்தக் கப்பலில் தனியாக ஏற்றி அனுப்பியிருந்தோம். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். சாப்பிட்ட கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் உதறவில்லை.

கடற்படைக்காரன் தொண்டையைச் செருமினான். நீ எப்படித் தெரிந்துகொண்டாய் என்று அவனைக் கேட்டேன், பேச்சு என்மேலிருந்து நகர வேண்டும் என்றும்தான். அவனுக்குச் சொல்ல விருப்பமில்லை. என் தோழியே சொல்லச் சொன்னாள். அவள் போட்ட படத்தில் இருந்த கப்பலை அவனுக்கு நன்றாகத் தெரியுமாம். அதை உடைத்துப் பழைய இரும்புக்கு விற்று வெகுகாலம் ஆகிறதாம். அப்புறம் ஏன் நல்ல கப்பல் என்று எழுதினாய் என்று கேட்டேன்.

"நல்ல கப்பல்தான், உடைக்கிற வரைக்கும்," என்றான். பிறகு என் தோழியைப் பார்த்து, "கப்பல்ல பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் அழுதா எங்களுக்குக் கேக்கும். காலையில எழுந்து ஏன் அழுதேன்னு கேக்க மாட்டோம். டீ போட்டா அவனுக்கும் ஒரு கப்பு ஊத்துவோம்," என்றான்.

முதலில் சிரித்தது என் தோழிதான். உடைத்து விற்ற கப்பலில் மகனை உலகம் சுற்ற வைத்திருக்கிறேனே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணீர் வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மேசை முழுக்கச் சிரிப்பு பரவியது. கொரியாவில் இருந்தானே, அந்தத் தீபாவளிக்கு நான் வாழ்த்துகூடச் சொல்லி அனுப்பினேனே என்று ஒருவன் குறைப்பட்டான். தலைவியால் மட்டும் சிரிக்க முடியவில்லை. என் தோழிக்குப் பின்னால் போய் நின்று, அவள் தலையில் கை வைத்து, நான் ஒரு முட்டாள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்றாள். என் தோழி அந்தக் கையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். நீதான்டி கேட்டே, இவங்க யாரும் கேக்கல என்றாள். அதைக் கேட்டுத் தலைவி அழுதுவிட்டாள்.

இரண்டு நாளில் அப்போதுதான் எனக்குச் சோறு ருசித்தது. பாயசம் இரண்டு தடவை வாங்கினேன். சர்க்கரை இருக்கிற உடம்பு, யாரும் கண்டுகொள்ளவில்லை. என் தோழியும் வாங்கிச் சாப்பிட்டாள். அவள் ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. சாப்பாட்டோடு சாப்பாடாக அடுத்த மாதத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்தார்கள். பையனை அழைத்து வர வேன் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான் கடற்படைக்காரன். எல்லாரும் போகலாம் என்றாள் தலைவி, கண்ணைத் துடைத்த கையோடு. இத்தனை பேர் வாசலில் நின்றால் அவன் பயந்து திரும்பி உள்ளே போய்விடுவான் என்றாள் என் தோழி. பேருந்தில் போய்ப் பேருந்திலேயே கூட்டி வருவதாகத்தான் அதுவரை நினைத்திருந்தாளாம். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தவளுக்குத் துணைக்குக் கூப்பிட ஆள் ஏது?

சாப்பிட்டு முடித்ததும் பெண்கள் சிலர் பாத்திரங்களைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குக் கொண்டு போனோம். அவள் தேய்க்க நான் கழுவினேன். தேய்க்கத் தொடங்கியதிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. உள்ளே அவனை ரொட்டி போடும் பிரிவில் விட்டிருக்கிறார்களாம், நன்றாகச் செய்கிறானாம், வெளியே வந்தால் அந்த வேலைக்கே போகலாம் என்கிறானாம். முதல் தடவை பார்க்கப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் பேசவே இல்லையாம், இவளும் பேசவில்லையாம், இருவரும் நேரம் முடியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்களாம். அடிபட்ட பையனின் வீட்டுக்குப் போய் அவன் அம்மா காலில் விழுந்ததைச் சொன்னாள். அந்த அம்மா தூக்கி உட்கார வைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டதையும் சொன்னாள். எதையும் நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று அவள் மறுபடி கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று நடுநடுவே கேட்டேன். சின்னக் கேள்விகள்தான், அப்புறம், அவன் என்ன சொன்னான், எத்தனை மணிக்கு விடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு மூச்சு பதில் சொன்னாள்.

பாத்திரம் முடிந்தது. அவள் கையை உதறி, முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நீ வாரியாடி, அவன கூட்டிட்டு வர? நீ மட்டும்."

வருகிறேன் என்றேன். எந்த நாள், எத்தனை மணி என்று மறுபடி கேட்டு மனதில் போட்டுக்கொண்டேன்.

"வெயிட்டு போட்டுட்டான். அந்த ரொட்டியத் தின்னு தின்னு. பழைய சட்டயெல்லாம் பத்தாது. போன வாரம் புதுசா துணி எடுத்து வச்சிருக்கேன், இன்னும் வெட்டல." ஈரக் கையை மறுபடி முந்தானையில் துடைத்தாள். "பச்சைக் கலருடி. அவனுக்கு நல்லா இருக்குமான்னு யாருகிட்டயும் கேக்க முடியல."